நாற்பத்தேழாம் காளையின் செவலைக் கன்று

1. திங்கட்கிழமை

கன்று பிறந்தால் மாட்டுக்காரர்கள் சந்தோஷமாகத்தான் போன் எடுப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை வேலாயுதம் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தார்.

“என்னங்க டாக்டரையா, நீங்க போட்டது என்ன ஊசி? கன்னு செவலையாப் பொறந்திருக்கு.”

“செவலையா? இருக்காதே அண்ண. கறுப்பு வெள்ளைக் காளைதானே போட்டேன்.”

“அப்ப வந்து பாருங்க. மேல் டிவிசன்லதான் நிக்கிறேன்.”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவன். உண்மையான மாட்டு டாக்டர் அலுவலகத்தில் இருப்பார். நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் விந்தை உறைய வைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு மலைமலையாக ஏறி இறங்குவேன். சனங்கள் என்னையும் டாக்டரையா என்றே கூப்பிட்டார்கள். ஒருநாளும் நான் அதைத் திருத்தியதில்லை. காதுக்கு நன்றாக இருந்தது, வேறென்ன.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அனுபவத்தில் நாலு விஷயம் எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கெட்டித்தனத்தை எழுத ஆள் நிறைய இருக்கிறது. நான் என் பிழை ஒன்றை எழுதுகிறேன்.

வேலாயுதம் அண்ணன் தேயிலை பெக்டரியில், கொழுந்து உருட்டும் ரோல் ரூமில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கைக்கு வந்த சேமலாப நிதியில் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரீசியன் கிடேரியை வாங்கினார். அது வளர்ந்து பருவத்துக்கு வரும் நேரத்தில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. புல் அறுக்க முடியவில்லை. ஆகவே தோட்டத்தின் மேல் டிவிசனில், லயம் என்கிற வரிசை வீடு ஒன்றில் இருக்கும் பரமேஸ்வரியிடம் அதை வாரத்துக்கு விட்டார்.

வாரத்துக்கு விடுவது எங்கள் தோட்டங்களில் சாதாரணம். மாடு ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. பால் முழுதும் வளர்ப்பவருக்கு. முதலில் பிறக்கும் பெண்கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்தது வளர்ப்பவருக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. வாய்ச்சொல்தான்.

பரமேஸ்வரிக்குப் புருஷன் இல்லை. பகலில் கொழுந்து எடுப்பாள், காலையும் பின்னேரமும் மாட்டைப் பார்ப்பாள். ஒரே மகள் தர்ஷினி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கன்று பிறந்து பால் வரத் தொடங்கினால் மகளின் படிப்புச் செலவைச் சமாளிக்கலாம் என்று ஒன்பது மாதமாகக் காத்திருந்தவள். சினை பிடித்ததா என்று நான் பார்க்கப் போன ஒவ்வொரு தரமும் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டுப் பட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பெண்கன்று. நல்ல செவலை. வயிற்றிலும் கால்களிலும் வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது.

“தாய் நக்குது பாருங்க மாமா. வேற கன்னா இருந்தா நக்குமா?” என்று பரமேஸ்வரி சொன்னாள்.

“உப்பத் தடவி விட்டா எந்தக் கன்னையும் நக்கும்” என்றார் வேலாயுதம் அண்ணன்.

அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. பரமேஸ்வரியின் அண்ணன் றொசல்லயில் இருக்கிறான். அவனிடம் ஒரு அயர்ஷயர் கலப்பு மாடு இருந்தது. செவலையும் வெள்ளையுமான மாடு. அதுவும் அதே நாட்களில்தான் கன்று போட்டிருந்தது. இங்கே கன்று பிறந்த காலையில் அவனுடைய ஓட்டோ லயத்தடியில் நின்றதைப் பலர் கண்டிருந்தார்கள். மாடு ஈனக் கஷ்டப்படுகிறது என்று தங்கச்சி போன் பண்ணியதால் ஓடி வந்தான் என்பது அவள் சொன்னது. நல்ல பிரீசியன் கன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், தன் செவலைக் கன்றைக் கொண்டுவந்து விட்டுவிட்டான் என்பது வேலாயுதம் அண்ணன் சொன்னது. அங்கே போய்த் தேடினாலும் கன்றை இதற்குள் கைமாற்றியிருப்பான் என்றும் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலாயுதம் அண்ணன் கேட்டார்.

“நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. கறுப்பு மாட்டுக்குக் கறுப்புக் காளை ஊசி போட்டா செவலை வருமா, வராதா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். டாக்டரையா என்று கூப்பிட்டுப் பழகிய கூட்டத்தின் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“வரக் கூடாதுதான்” என்றேன்.

அவ்வளவுதான். வேலாயுதம் அண்ணன் தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டார். “கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்” என்றார். பரமேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

தோட்டத் தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் பரமேஸ்வரி சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் விஷயம் முடிந்தது, பண்ணாவிட்டால் மாட்டையும் கன்றையும் வேலாயுதம் அண்ணன் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தீர்த்தார்.

2. எல்லாரும் கேட்ட காளை

அந்த மாட்டுக்கு நான் போட்டது நாற்பத்தேழாம் காளையின் விந்து. விந்து அடைத்த மெல்லிய குழாயை ஸ்ட்ரோ என்போம், ஒவ்வொரு ஸ்ட்ரோவிலும் காளையின் இலக்கம் அச்சடித்திருக்கும். இது நீளமான இலக்கம், கடைசி இரண்டு எண்தான் நாற்பத்தேழு. எந்தக் காலத்திலோ செத்துப்போன காளை. உறைய வைத்த விந்துக்கு வயது கிடையாது.

மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு குணம். பக்கத்து வீட்டு மாடு நன்றாகக் கறந்தால் அதே ஊசியைத்தான் கேட்பார்கள். நாற்பத்தேழின் மகள் ஒன்று டிக்கோயாப் பக்கம் நன்றாகக் கறந்தது. கதை பரவிவிட்டது. அதற்குப் பிறகு போன் எடுத்தாலே, “மாடு சினைக்குக் கத்துது, நாப்பத்தேழு இருக்குங்களா?” என்றுதான் கேட்டார்கள். ஒரு கிழவர் அந்தக் காளைக்கு நெற்றியில் என்ன சுழி என்று விசாரித்தார். நான் காளையைக் கண்டதே இல்லை. ராஜ சுழி என்று சொல்லி வைத்தேன்.

அலுவலகத்திலிருந்து வேறு காளைகளின் ஸ்ட்ரோவும் தருவார்கள். நான் அவற்றை வேண்டாம் என்றுவிட்டு நாற்பத்தேழையே கூடுதலாகக் கேட்டு வாங்குவேன். சனம் கேட்டதைக் கொடுத்தால் சண்டை இல்லை. இப்படியே போய், வட்டவளையிலிருந்து டிக்கோயா வரை லயத்துக்கு லயம் நாற்பத்தேழின் பிள்ளைகள் நின்றன. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மடையன் நான்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஊசி போடுவதற்கு முன் மாட்டின் அட்டையைப் பார்க்க வேண்டும். அதில் தந்தைக் காளை என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் காளையும் கையில் இருக்கும் ஸ்ட்ரோவும் ஒன்றாக இருந்தால் வேறு காளையைப் போட வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் காதில் குத்தியிருக்கும் தோட்டின் இலக்கத்தை வைத்துக் கன்றுப் பதிவு ரெஜிஸ்டரில் தேட வேண்டும்.

வேலாயுதம் அண்ணனின் மாட்டுக்கு ஊசி போட்ட நாள் நல்ல மழை. காலையில் கத்தத் தொடங்கிய மாடு, பின்னேரம் போட்டாக வேண்டும், தள்ளிப்போட முடியாது. கிடேரியை அவர் வட்டவளையில் ஒருவரிடம் வாங்கியிருந்தார், பழைய அட்டை வரவில்லை. நான் புது அட்டை எழுதினேன். பெயர், தோட்டம், காதுத் தோட்டின் இலக்கம் எல்லாம் எழுதினேன். தந்தைக் காளை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். அலுவலகம் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ஞாபகம். கேனில் கைக்கு அகப்பட்டது நாற்பத்தேழு. போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதவில்லை.

3. ரெஜிஸ்டர்

திங்கட்கிழமை பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து அட்டையை எடுத்தேன். கோடு அப்படியே இருந்தது. வட்டவளைப் பக்கத்துக் கன்றுப் பதிவு ரெஜிஸ்டர்களை இறக்கினேன். காதுத் தோட்டின் இலக்கத்தைத் தேடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. கால் மணித்தியாலம் ஆகவில்லை, கிடைத்துவிட்டது.

அந்தக் கிடேரி பிறந்த நாள், தாயின் விபரம், நிறம் கறுப்பு வெள்ளை. தந்தைக் காளை நாற்பத்தேழு. என் கையெழுத்து. என் கையொப்பம்.

அப்பனின் விந்தை மகளுக்கே போட்டிருக்கிறேன்.

அலுவலகத்தின் கால்நடை வைத்தியர் டாக்டர் நிலந்தி அன்று லீவில் இருந்தார். கன்றின் படத்தைப் போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. சிங்களத்தில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். நானும் பயிற்சிக் காலத்தில் படித்ததுதான். பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

முடியின் அடியில் நிறம் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சிவப்பும் செய்யத் தெரியும், கறுப்பும் செய்யத் தெரியும். கறுப்புச் செய் என்ற கட்டளை வந்தால் கறுப்பு வரும். அந்தக் கட்டளையைக் கேட்டு வாங்க உயிரணுவின் மேல் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்த சுவிட்சை எப்படிச் செய்வது என்று ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. எப்போதோ, எங்கேயோ, ஏதோ ஒரு மாட்டில் அந்த மரபணு பிரதியாகும்போது ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. ஓர் எழுத்துப் போனதால் அந்தப் பிரதியிலிருந்து வரும் சுவிட்ச் வேலை செய்யாது. கட்டளை வந்தாலும் அதற்குக் கேட்காது. முடி சிவப்பாகவே நின்றுவிடும். அந்தப் பிழை பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கி வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் மரபணு ஒவ்வொன்றும் மாட்டிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். மாடு கறுப்பாகவே இருக்கும், பழுதை உள்ளே வைத்திருப்பது வெளியில் தெரியாது. அப்படி மறைத்து வைத்திருக்கும் இரண்டு மாடுகள் சேர்ந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் கன்றுக்கு இரண்டு பிரதியும் பழுதாகக் கிடைக்கும். அது செவலையாகப் பிறக்கும்.

“நாற்பத்தேழு கறுப்பாக இருந்தாலும் அந்தப் பழுதை வைத்திருந்த காளையாகத்தான் இருக்க வேண்டும்” என்றார் டாக்டர். “அதன் மகளுக்கும் அது போயிருக்கிறது. நீங்கள் மகளுக்கு அதே காளையைப் போட்டிருக்கிறீர்கள். கன்றில் வெள்ளை விழுந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், அச்சு அசல் பிரீசியன். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பு.”

நான் காலையில் அதைப் பார்த்தேன். பார்த்தும் காணவில்லை.

“நிச்சயமாக அப்படித்தானா மிஸ்?”

“முடி எடுத்து அனுப்பினால் நூற்றுக்கு நூறு தெரியும். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உங்கள் ரெஜிஸ்டர் சரியென்றால் வேறு காரணம் தேடத் தேவையில்லை. நிறத்தோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். இப்படி நெருங்கிய உறவில் சேர்த்தால் மறைந்திருக்கிற வேறு பழுதும் வெளியே வரும். கன்று செத்தே பிறந்திருக்கலாம். மாட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.”

“சொல்றேன் மிஸ்” என்றேன்.

4. செவ்வாய், புதன், வியாழன்

சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை எப்போதும் போலத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். மகளுக்கு அப்பன் ஊசியைப் போட்ட டாக்டரையா என்று நாளைக்கு ஹட்டன் பஸ்சில் சிரிப்பார்கள். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. இந்த வயதில் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வருமே என்பது இன்னொன்று.

அதற்கு மேல் ஒரு கள்ளக் கணக்கும் மனதுக்குள் ஓடியது. வெள்ளிக்கிழமை பரமேஸ்வரி சூடம் அணைத்துவிடுவாள். களவு எடுக்காதவள், தைரியமாக அணைப்பாள். வேலாயுதம் அண்ணன் சாமிக்குப் பயந்தவர், வாயை மூடிக்கொள்வார். மாடு அவளிடமே நிற்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் ஏன் இடையில் போய் மூக்கை நுழைக்க வேண்டும்?

மாரியம்மன் என் பிழைக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன் என்றால் பாருங்களேன்.

வியாழக்கிழமை டிக்கோயா ரோட்டில் பஸ்சுக்கு நின்ற பரமேஸ்வரியைக் கண்டேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போயிருக்கலாம். அவள் கையைக் காட்டிவிட்டாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். செவலை வரவே வராதுங்களா? எங்கயாச்சும் ஒரு மாட்டுக்காவது வந்திருக்காதா? நீங்க எத்தன மாடு பாத்திருப்பீங்க.”

கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. கடையில் சாமான் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“பாப்பம் பரமேஸ்வரி. நாளைக்கு எல்லாம் சரியாகிரும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ரோட்டில் யாரும் இல்லை. அவள் ஒருத்திதான் நின்றாள்.

5. சூடம்

வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் இருக்க முடியாமல் போனேன். ரெஜிஸ்டரையும் மழைக்கோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். சொல்லத்தான் எடுத்துக்கொண்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து வேலைக்குப் போக வேண்டியவர்களும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். தலைவர், “அணைச்சிட்டு சொல்லு புள்ள. கன்ன நான் மாத்தல்ல, மாத்தியிருந்தா எம் புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லு” என்றார்.

பரமேஸ்வரி தட்டைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

“நான் அணைக்க மாட்டேங்க தலைவரே.”

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. வேலாயுதம் அண்ணன், “பாத்தீங்களா” என்றார்.

“களவெடுத்தவ பயந்துக்கிட்டு நிக்கிறான்னு நெனச்சா நெனைங்க” என்றாள் அவள். “நான் களவெடுக்கல்ல. களவெடுக்காதவ எதுக்குப் பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணணும்? நான் இன்னைக்கு அணைச்சிட்டுப் போவேன். நாளைக்கு எம் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அன்னைக்குப் பொய்ச் சத்தியம் பண்ணினா, அதுதான்னு சொல்லுவீங்க. பரீச்சையில ஒரு மார்க் கொறஞ்சாலும் அதத்தான் சொல்லுவீங்க. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போங்க மாமா. எம் புள்ளைய இதுல இழுக்க மாட்டேன்.”

வேலாயுதம் அண்ணன் திரும்பிப் பட்டிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி நடந்தார். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

“அண்ண, நில்லுங்க” என்றேன்.

மழைக்கோட்டுக்குள்ளிருந்து ரெஜிஸ்டரை எடுத்தேன். 

“அந்தப் புள்ள கன்ன மாத்தல்ல. பிழை எம் பேர்ல. உங்க மாட்டுக்கு அப்பன் நாப்பத்தேழு. நான் அதுக்கே நாப்பத்தேழப் போட்டுட்டேன்.”

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பூசாரி, “கோயில் வாசல்ல பேசுற பேச்சா இது, சிவ சிவா” என்றார்.

வேலாயுதம் அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

“அதுக்கும் செவலைக்கும் என்ன? கறுப்பும் கறுப்பும் சேந்தா கறுப்புத்தானே. நீங்கதானே திங்கக்கெழம சொன்னீங்க.”

“தெரியாமச் சொல்லிட்டேன் அண்ண. ரோல் ரூம்ல ஒரு மெசினுக்கு ரெண்டு பேரப் போட்டிருக்காங்கன்னு வைங்க. ஒருத்தன் வேலைக்கு வரல்ல. மெசின் நிக்குமா?”

“மத்தவன் ஓட்டிருவான்.”

“வெளிய இருந்து பாக்கிறவனுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? தூள் வந்துக்கிட்டுத்தானே இருக்கும்.”

“ரெண்டு பேருமே வரல்லன்னா?”

“நிக்கும்.”

“அதுதான் அண்ண. கறுப்பு செய்யிறதுக்கு மாட்டுக்குள்ள ரெண்டு பேரு. ஒருத்தர் தாய் குடுத்தது, ஒருத்தர் தகப்பன் குடுத்தது. நாப்பத்தேழுக்கு ஒருத்தன் வேலைக்கு வராதவன். மத்தவன் ஓட்டினதுனால காளை கறுப்பாவே இருந்துச்சு. அந்த வேலைக்கு வராதவனத்தான் உங்க மாட்டுக்குக் குடுத்திருக்கு. அதுவும் வெளிய தெரியல்ல. நான் திரும்பவும் அதே காளையப் போட்டேன். கன்னுக்குத் தாய் பக்கத்துலயும் வராதவன், தகப்பன் பக்கத்துலயும் வராதவன். கறுப்பு மெசின் நின்னுபோச்சு.”

அவர் யோசித்தார். எங்கள் சனம் படிக்காததுகள் என்று நினைத்துக்கொண்டு விளக்கம் சொல்லாமல் இருக்காதீர்கள் பிள்ளைகளே. அவர் கேட்ட அடுத்த கேள்வி நான் பரீட்சையில் விடை எழுதிய கேள்வி.

“அப்படின்னா இதே மாட்டுக்கு அடுத்த கன்னும் செவலையா வருமா?”

“வேற காளை போட்டா அநேகமா கறுப்புத்தான் வரும். ஆனா இந்தச் செவலை உள்ளுக்குள்ள எறங்கிப் போகும்.”

“பாலு?”

“பாலுக்கு ஒண்ணும் இல்ல. நெறம் மட்டுந்தான்.”

தலைவர் ரெஜிஸ்டரை வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, காதுத் தோட்டின் இலக்கத்தைப் பார்க்காமல் நம்ப முடியாது என்றார். நியாயம்தான். எல்லோரும் பட்டிக்குப் போனோம். தோட்டில் சாணம் காய்ந்திருந்தது. பரமேஸ்வரி முந்தானையில் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு விலகி நின்றாள். தலைவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, வேலாயுதம் அண்ணன் ரெஜிஸ்டரில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசி எண்ணும் சரியாக இருந்தது.

அவர் ரெஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார். “பொய் சொல்றவன் தன் தலையிலயே மண்ணப் போட்டுக்க மாட்டான்” என்று தலைவரிடம் சொன்னார். பிறகு பரமேஸ்வரியிடம் போனார்.

“தப்பாப் பேசிட்டேன் புள்ள. மாடு ஒங்கிட்டயே நிக்கட்டும். மனசுல வச்சுக்காத.”

“சரிங்க மாமா” என்றாள்.  எல்லோரும் கலைந்து போனார்கள். வேலைக்குப் பிந்திவிட்டது என்று பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

6. அவள் கேட்டது

நான் போகவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மானத்தை விட்டு நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அந்த நினைப்பு.

அவள் புல்லை அள்ளி மாட்டுக்கு முன்னால் போட்டாள். பிறகு கேட்டாள்.

“இது ஒங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிச்சு?”

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“திங்கக்கெழம பின்னேரம்.”

“நேத்து ரோட்டுல நான் கேட்டப்பயும் தெரியும்.”

“தெரியும்.”

அவள் மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

“செவ்வாக்கெழம ஸ்கூல்ல எம் புள்ளைய கன்னுத் திருடி மகன்னு கூப்பிட்டாங்க. புதன்கெழம அது ஸ்கூலுக்குப் போகல்ல. நேத்தும் போகல்ல. இந்த வாரம் தவணப் பரீச்சை. ரெண்டு பாடம் எழுதல்ல. நீங்க திங்கக்கெழமையே சொல்லியிருந்தா அது எழுதியிருக்கும்.”

நான் ரெஜிஸ்டரை மழைக்கோட்டுக்குள் வைத்தேன். 

“இனி மாட்டுக்கு ஊசி போட வேற ஆள அனுப்புங்க ஐயா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அன்று மத்தியானமே விளக்கக் கடிதம் எழுதி டாக்டர் நிலந்தியின் மேசையில் வைத்தேன். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. பஸ்சிலும் சிரித்தார்கள். கொஞ்ச நாள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் அத்தனை பயந்தது இவ்வளவுக்குத்தான். மிச்சமிருந்த சேவைக்காலத்தில் என் அட்டைகளில் தந்தைக் காளை எழுதாமல் விட்டவற்றையெல்லாம் தேடி எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். நாற்பத்தேழின் ஸ்ட்ரோக்களைத் திருப்பி அனுப்பினேன். பல பேர் கோபித்துக்கொண்டார்கள். பரமேஸ்வரியின் மாட்டுக்கு அடுத்த ஊசியை என்னோடு வேலை செய்த வேறொருவர் போட்டார்.

தர்ஷினியின் பாடசாலைக்கும் போனேன். அதிபரிடம் நடந்ததைச் சொல்லி, விடுபட்ட இரண்டு பாடத்தையும் எழுத விட முடியுமா என்று கேட்டேன். தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது, தனியாக ஒருவருக்கு வைக்க முடியாது என்றார். அந்தப் பிள்ளை அலுவலக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டது.

ஊசி போடுவதற்கு முன் மாட்டின் தந்தை யாரென்று பாருங்கள் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லித் தருவார்கள். மனிதர்தானே, என்றோ ஒருநாள் மழையில் நீங்களும் விடுவீர்கள். விட்டது தெரிந்தால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் செய்த பிழையில் ஒரு கன்று செவலையாகப் பிறந்தது. அது நன்றாக வளர்ந்து, வேலாயுதம் அண்ணனின் பங்காக நின்று பால் கறக்கிறது. நான் சொல்லாமல் இருந்த நாட்களில்தான் ஒரு பிள்ளையின் இரண்டு பாடம் போனது.